துறைமுகத் தரையும் சப்பாத்தின் அடியும்

சேஃப்டி சப்பாத்து ஒன்றைக் கையில் கொடுத்தால் நம்மவர்கள் முதலில் விரல் முட்டியால் அதன் முன்பக்கத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். உள்ளே உருக்குத் தொப்பி இருக்கிறது என்று தெரிந்தால் போதும், சப்பாத்து நல்லது. வாங்கும் நிறுவனம் கேட்பதும் அதைத்தான். விற்கும் கடைக்காரர் காட்டுவதும் அதைத்தான். 20 கிலோ எடை ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தாலும் விரல்கள் நசுங்காதபடி அந்தத் தொப்பி தாங்க வேண்டும் என்பது சர்வதேச நியமம். அது வேண்டியதுதான். ஆனால், காலின் மேல் இரும்பு விழுவது எப்போதோ ஒருநாள் நடப்பது. எண்ணெய் படிந்த தரையிலும் நனைந்த ஏணியிலும் கால் வைப்பது ஒரு நாளில் ஆயிரம் தடவை நடப்பது. அந்த ஆயிரம் தடவையும் தொழிலாளியைத் தாங்குவது சப்பாத்தின் அடி. அதை எவரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

திருகோணமலையில் இந்த அலட்சியத்துக்கு விலை அதிகம். கொழும்பைப் போல இங்கே கொள்கலன் பெட்டிகள் மலையாகக் குவிவதில்லை. இங்கே வந்து போவது பெரும்பாலும் கொட்டியும் உறிஞ்சியும் கையாளும் சரக்கு. சீனக்குடாப் பக்கம் கோதுமை கப்பலிலிருந்து இறங்கி மாவாகிறது. சீமெந்துக்கான கிளிங்கர் இறங்கி அரைபடுகிறது. மா ஆலையும் சீமெந்து ஆலையும் நாற்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டன. பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள் ஏறத்தாழ 850 ஏக்கர் காட்டுக்குள் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானத் தாக்குதலைக் கண்ட அந்தத் தாங்கித் தொகுதியில் 99 தாங்கிகள் எஞ்சியிருக்கின்றன. 2022 ஜனவரி உடன்படிக்கை அவற்றில் 61ஐக் கூட்டு முயற்சிக்கும், 24ஐ பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14ஐ லங்கா ஐ.ஓ.சி.க்கும் பிரித்துக் கொடுத்தது. புல்மோட்டையிலிருந்து இல்மனைற் மணல் வருகிறது. கொட்பேயில் மீன்பிடித் துறைமுகம். ஒரே குடாவைச் சுற்றிச் சில கிலோமீற்றருக்குள் மா, சீமெந்துத் தூள், டீசல், கனிம மணல், மீன் கழிவு என்று காலுக்கடியில் ஐந்து வகை நிலம். கச்சான் அடிக்கும் மாதங்களில் கப்பல் தளத்தின் இரும்பு தொட முடியாதபடி கொதிக்கும்; வடகீழ்ப் பருவ மழை தொடங்கினால் அதே இரும்பு நாள் முழுவதும் ஈரமாகவே கிடக்கும்.

இத்தனை நிலத்துக்கும் ஒரே வகைச் சப்பாத்தை மொத்தமாக வாங்கிக் கொடுப்பது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது. எந்தத் தரையில் எந்த அடி என்பதைக் கொள்வனவுக் கடிதத்திலேயே எழுத வேண்டும். அதற்கான செலவை வேலை கொடுப்பவர் ஏற்க வேண்டும். கொந்தராத்துக் கூலிக்கு வருபவருக்கும் அது கிடைக்க வேண்டும். இதைத்தான் இந்தக் கட்டுரையில் வற்புறுத்துகிறேன்.

கோதுமையில் தொடங்குவோம். கப்பலிலிருந்து இறக்கும்போது சிந்தும் தானியம் தரையில் கிடந்தால் அது சைக்கிள் போல்ஸ் மாதிரி காலுக்கடியில் உருளும். அங்கே ஆழமான பற்களுள்ள சப்பாத்து உதவாது. மணிகள் பற்களுக்கிடையில் சிக்கிக்கொள்ளும். இரண்டு மணி நேரத்தில் அடி முழுவதும் தானியத்தால் அடைபட்டு, பல் இல்லாத அடியாகிவிடும். சிக்கிய அழுக்கும் மணியும் உணவு அரைக்கும் இடத்துக்குள்ளேயும் போகும். பற்கள் ஆழமில்லாத, நெருக்கமான கோலம் உள்ள, கழுவினால் சுத்தமாகும் அடியே மா ஆலைக்கு ஏற்றது.

மா ஆலைக்கு இன்னொரு தேவை உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது. காற்றில் மிதக்கும் மாத்தூள் தீப்பொறி பட்டால் வெடிக்கும். மனித உடலில் சேரும் நிலைமின் ஒரு பொறியாகப் பாயக்கூடும் என்பதால், அந்த மின்னை மெல்ல மெல்ல நிலத்துக்கு விடும் அடி வேண்டும். நியமத்தின்படி இத்தகைய சப்பாத்தின் மின்தடை ஒரு இலட்சம் ஓமுக்கும் 100 கோடி ஓமுக்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் நிலைமின் வெளியேறாது. கீழே இறங்கினால், பழுதான வயரைத் தொட்டவருக்குக் காலே மின் பாயும் வழியாகிவிடும். இந்த நுட்பம் தெரியாமல், சப்பாத்துக் கடிக்கிறது என்று கடையில் தடித்த பஞ்சு அட்டை ஒன்றை வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறார்கள். அந்த அட்டை மின்னைத் தடுத்துவிட்டால் விசேட அடிக்குக் கொடுத்த காசு வீண். கடிக்காத அளவில் சப்பாத்துக் கொடுப்பதும் இதனால் பாதுகாப்பின் பகுதியே. பெண்களுக்கு ஆண்களின் சிறிய அளவைக் கொடுத்துச் சமாளிக்கும் பழக்கமும் நிற்க வேண்டும். குதி உள்ளே நழுவும் சப்பாத்துக்கு எந்த அடி போட்டும் பயனில்லை.

அடுத்தது எண்ணெய். இங்கே நாம் நம் நாட்டுப் பெருமை ஒன்றைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துப் பேச வேண்டியிருக்கிறது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அந்தக் கன்றுகள் கம்பஹா ஹெனரத்கொடைக்கு வந்தன. 1952இல் சீனாவுக்கு றப்பர் கொடுத்து அரிசி வாங்கிய நாடு நம்முடையது. சப்பாத்து அடிக்கென்றே தயாராகும் ‘சோல் கிரேப்’ என்ற றப்பருக்கு இலங்கை உலக அளவில் பெயர் எடுத்தது. பாலை உறையவைத்து, மெல்லிய தாள்களாக உருட்டி, உலர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அழுத்தி எடுப்பது அது. கந்தகம் சேர்த்து வேகவைக்காத றப்பர் ஆகையால் மிருதுவாக இருக்கும், உலர்ந்த நிலத்தைப் பற்றிப் பிடிக்கும், காலுக்குச் சுகம். பர்மாவில் படைச் சேவையில் இருந்த நேதன் கிளார்க் 1950 வாக்கில் உலகுக்குக் கொடுத்த ‘டெசேட் பூட்’ சப்பாத்தின் அடி இந்தக் கிரேப்தான்.

அந்த அருமையான றப்பரை எண்ணெய் இறங்குதுறைக்குக் கொண்டுபோகக் கூடாது. இயற்கை றப்பரும் கனிய எண்ணெயும் வேதியியலில் நெருங்கிய உறவு. டீசல், கிறீஸ், எஞ்சின் ஒயில் ஆகியவற்றை றப்பர் உறிஞ்சி ஊதும், மிருதுவாகும், பிசுபிசுக்கும், பிறகு பிய்யும். கந்தகம் சேர்த்து வேகவைத்த றப்பர் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் அதுவும் இதே வழியில்தான் போகும். எண்ணெய்க்கு எதிர்த்து நிற்பது நைட்ரைல் எனும் செயற்கை றப்பர். அதன் மூலக்கூறில் உள்ள அக்ரிலோநைட்ரைல் எண்ணெயை உள்ளே விடாது. விலை கூட, எடையும் கூட. இருந்தாலும் தாங்கிப் பண்ணையிலும் கப்பலின் எஞ்சின் அறையிலும் பம்ப் நிலையத்திலும் வேலை செய்பவருக்கு நான் வேறெதையும் சிபாரிசு செய்யமாட்டேன். நம் நாட்டில் கையுறை செய்யும் தொழிற்சாலைகள் நைட்ரைலை நீண்ட காலமாகக் கையாள்கின்றன. சப்பாத்து செய்யும் தொழிற்சாலைகளும் நம்மிடம் உண்டு. துறைமுகத்துக்கென்று ஒரு நைட்ரைல் அடியை இங்கேயே வார்க்க முடியாது என்று எவரும் சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன். கேட்கும் வாடிக்கையாளர் இல்லாததே தடை.

வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு மாற்றமும் உண்டு. பாதுகாப்புச் சப்பாத்துக்கான சர்வதேச நியமம் ஐ.எஸ்.ஓ 20345. அதன் பழைய பதிப்பில் எண்ணெய் தாங்கும் தன்மை பொது நிபந்தனையாக இருந்தது. 2021 திருத்தத்தில் அது விருப்பத் தேர்வாகிவிட்டது. ஆகவே ‘எஸ்3’ என்ற குறியை மட்டும் பார்த்து வாங்கினால் அந்த அடி எண்ணெயைத் தாங்கும் என்ற உறுதி இப்போது கிடையாது. ‘எஃப்.ஓ’ என்ற தனிக் குறியும் இருக்க வேண்டும். பழைய விலைமனுப் படிவத்தைத் திகதி மட்டும் மாற்றிப் புதிதாக அனுப்பும் அலுவலகங்கள் இதைத் தவறவிடும்.

இன்று கடைகளில் அதிகம் காண்பது பொலியூரித்தேன் அடி. அதற்கு நியாயமும் இருக்கிறது. இலேசானது; குதிக்கு மெத்தை போலிருக்கும்; மேற்பகுதியோடு சேர்த்து அச்சில் ஊற்றி ஒரேயடியாகச் செய்துவிடலாம் என்பதால் மலிவு. கொங்கிரீட் தரையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் களஞ்சியத் தொழிலாளிக்கும், மாலையில் முழங்கால் வலிக்கிறது என்பவருக்கும் இது பெரிய ஆறுதல். எண்ணெயையும் ஓரளவு நன்றாகவே தாங்கும். ஆனால், நமது காற்றுக்கு இது ஒத்துவருவதில்லை. ஈரமும் வெப்பமும் சேர்ந்த காற்றில் பொலியூரித்தேனின் மூலக்கூற்றுச் சங்கிலி நீரால் அறுபடுகிறது; அதன் எஸ்ரர் வகை இன்னும் வேகமாக அறுபடும். அணியாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் இது நடக்கும். களஞ்சியத்தில் நான்கைந்து வருடம் கிடந்த புத்தம்புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவரின் அடி, அன்று மத்தியானமே கட்டி கட்டியாக உதிர்வதைத் துறைமுகப் பக்கம் வேலை செய்த பலர் கண்டிருப்பார்கள். தொழிலாளி பாழாக்கிவிட்டார் என்று அவர் தலையில் பழி போடுவதும் நடக்கும். பழி களஞ்சியத்துக்கு உரியது. உற்பத்தியான மாதமும் ஆண்டும் சப்பாத்தில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று நியமம் சொல்கிறது; பெரும்பாலும் அடியிலேயே சிறு வட்டமாக வார்த்திருப்பார்கள். என் கணிப்பில், கடற்கரை ஊர் ஒன்றில் பொலியூரித்தேன் அடியுள்ள சப்பாத்தை மூன்று ஆண்டுக்கு மேல் கையிருப்பில் வைக்கக் கூடாது. விலைக்கழிவு தருகிறேன் என்று பழைய கையிருப்பைத் தள்ளிவிடும் வியாபாரியிடம் முதலில் அந்த வட்டத்தைக் காட்டச் சொல்ல வேண்டும்.

வெல்டிங் செய்பவருக்கும் பொலியூரித்தேன் ஆகாது. சூடான உலோகத் துண்டில் மிதித்தால் அது உருகும். ரி.பி.யு எனப்படும் கடினமான பிளாஸ்டிக் அடி, தேய்மானத்தையும் வெட்டையும் நன்றாகத் தாங்கினாலும், சூட்டில் அதுவும் அப்படித்தான். 300 பாகை செல்சியஸ் சூட்டை ஒரு நிமிடம் தாங்கும் ‘எச்.ஆர்.ஓ’ குறியிட்ட றப்பர் அடிதான் அந்த வேலைக்கு உரியது. ஈ.வி.ஏ என்ற இலேசான நுரை அடி நடைப்பயிற்சிச் சப்பாத்துக்குச் சரி. சில மாதப் பாரத்தில் அமுங்கித் தட்டையாகிவிடும்.

இனி அடியின் கோலம். 1935இல் உலகின் இரு மூலைகளில் இருவர் சப்பாத்து அடியைப் பற்றி யோசித்தார்கள். இத்தாலிய மலையேறி வித்தாலே பிரமானியின் தோழர்கள் ஆறு பேர் அந்த ஆண்டு அல்ப்ஸ் மலையின் புந்தா ராசிக்காவில் உயிரிழந்தார்கள். குளிரையும் நனைந்த பாறையையும் தாங்கக்கூடிய ஒரே சப்பாத்து வேண்டும் என்று அவர் தேடியதன் விளைவு, 1937இல் காப்புரிமை பெற்ற ஆழமான பற்களுள்ள றப்பர் அடி. இன்று வேலைச் சப்பாத்துகளில் நாம் காணும் முரட்டுப் பற்கள் அந்த வழிவந்தவை. அதே 1935இல் அமெரிக்கர் போல் ஸ்பெரி, நனைந்த படகுத் தளத்தில் வழுக்காத அடியைத் தேடினார். பனிக்கட்டியில் வழுக்காமல் ஓடிய தன் நாயின் பாதத்திலிருந்த வெடிப்புகளைக் கவனித்து, தட்டையான றப்பரில் மெல்லிய நெளிவுக் கீறல்களைப் போட்டார். அந்தக் கீறல்கள் வளையும்போது திறந்து நீரை வழித்து வெளியேற்றும். றப்பர் தளத்தை நேராகத் தொடும்.

இரண்டும் நல்ல விடைகளே. கேள்விகள்தான் வேறு. சல்லி, சேறு, சம்பூர்ப் பக்கத்துச் செம்மண் மேடு ஆகியவற்றில் பற்கள் நிலத்துக்குள் இறங்கிப் பிடிக்கும். பெயின்ற் அடித்த ஈர இரும்புத் தளத்தில் பற்கள் இறங்க இடமேயில்லை. பற்களின் முனைகள் மட்டும் தளத்தைத் தொடும். தொடும் பரப்புக் குறையும். அங்கே வேண்டியது அகன்ற, நெருக்கமான, கீறல் போட்ட, மிருதுவான அடி. நம் ஊரில் ‘நல்ல கிரிப்’ என்றால் பெரிய பல் என்றே எல்லாரும் நினைக்கிறோம். கப்பல் தளத்தில் வேலை செய்பவருக்கு அந்த நினைப்பு ஆபத்து. மிருதுவான அடி சீக்கிரம் தேயும் என்பது உண்மை. ஆறு மாதத்தில் தேய்ந்தால் ஆறு மாதத்தில் மாற்ற வேண்டும். இரண்டு வருடம் உழைக்கும் கடின அடியை வாங்கி மிச்சம் பிடித்துவிட்டு, அந்த இரண்டு வருடமும் ஒருவரை வழுக்கலில் நடக்கவிடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

குதியையும் பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் ஒரே தட்டையாகச் செல்லும் அடி, கொங்கிரீட்டில் நிற்பவருக்குச் சுகம். பாரம் பாதம் முழுவதும் பரவும். ஆனால், கப்பலின் அடிக்கிடங்குக்குள் செங்குத்து ஏணியில் இறங்குபவருக்குக் குதியின் முன்பக்கம் நேராக வெட்டிய விளிம்பு வேண்டும். ஏணிக் கம்பியில் பாதம் முன்னே நழுவினால் அந்த விளிம்பு மாட்டி நிறுத்தும். 2021 திருத்தம் ஏணிப் பிடிப்புக்கென்று ‘எல்.ஜி’ என்ற புதிய குறியையே சேர்த்திருக்கிறது. தானியம் இறக்கும் கப்பலில் ஒருவர் ஒரே நாளில் ஏணியிலும் இறங்குவார், தட்டைத் தரையிலும் நிற்பார். அப்போது எதைத் தேர்வது? ஏணியைத்தான். தட்டைத் தரையில் கால் வலிக்கும். ஏணியில் வழுக்கினால் உயிர் போகும்.

ஆணிக்கு வருகிறேன். சரக்குத் தட்டுகளின் பலகையிலும் பழைய கட்டிடங்களை உடைக்கும் இடத்திலும் கறள் பிடித்த ஆணி எப்போதும் கிடக்கும். இதற்காக அடிக்குள் ஒரு தகடு வைக்கிறார்கள். 4.5 மில்லிமீற்றர் சோதனை ஆணி 1,100 நியூற்றன் விசையில், அதாவது ஏறத்தாழ 110 கிலோ பாரத்தில், அதைத் துளைக்கக் கூடாது. உருக்குத் தகடு மெல்லிய ஆணியையும் நிறுத்தும்; ஆனால் பாதத்தின் ஓரங்களை முழுவதும் மூடாது, வளையாது, வெயிலில் சூட்டை உள்ளே கடத்தும். வலுவான இழைகளால் நெய்த துணித் தகடு இலேசானது, பாதம் முழுவதையும் மூடும், நன்றாக வளையும். மெல்லிய ஆணி மட்டும் சில வேளை உள்ளே நுழைந்துவிடும். அதனால்தான் துணித் தகட்டுக்கு, தடித்த ஆணிக்கு ‘பி.எல்’ என்றும் 3 மில்லிமீற்றர் மெல்லிய ஆணிக்கு ‘பி.எஸ்’ என்றும் இப்போது தனித்தனிக் குறிகள் இருக்கின்றன. பலகை வேலை, கட்டிட வேலை செய்பவருக்கு உருக்குத் தகடு அல்லது ‘பி.எஸ்’ என்று கேட்டு வாங்குவது நல்லது. நம்மிடையே நீரிழிவு எவ்வளவு பரவியிருக்கிறது என்பது தெரிந்ததே. நீரிழிவால் பாதம் மரத்துப்போன ஒருவருக்கு ஆணி ஏறியதே தெரியாது. இரவு வீட்டில் சப்பாத்தைக் கழற்றும்போது இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியவரும். ஏற்புவலி ஊசியோடு முடிய வேண்டிய காயம் விரலை எடுப்பதில் போய் நிற்கிறது. ஐம்பது வயதைக் கடந்தும் மூட்டை தூக்கும் மனிதர்கள் நம் துறைமுகத்தைச் சுற்றி நிறையப் பேர். அவர்களுக்கு இந்தத் தகடு சப்பாத்தின் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

கொட்பேயில் கதை வேறு. அங்கே பாட்டாச் செருப்பும் வெறுங்காலும்தான் அதிகம். மீன் கழுவிய நீர், செதில், ஐஸ் கட்டி, மீனின் கொழுப்பு எல்லாம் ஒன்றாகிக் கிடக்கும் தரையில் பாட்டா போடுவதும் போடாததும் ஒன்றுதான். கம்பூட்ஸ் போட்டவர்களின் கால்களில் இருப்பது பெரும்பாலும் மலிவான பி.வி.சி. புதிதாக இருக்கும்போது பரவாயில்லை, நாட்பட்டால் அதை மிருதுவாக்கச் சேர்த்த பொருள் கொழுப்பிலும் வெயிலிலும் வெளியேறி அடி விறைத்துவிடும், ஐஸில் இன்னும் விறைக்கும், விறைத்தால் வழுக்கும். மீன் கொழுப்பையும் தாங்குவது நைட்ரைல் கலந்த அடி. இறங்குதுறையிலும் மீன் வெட்டும் இடத்திலும் அதைக் கட்டாயமாக்கலாம். படகில் போகிறவரை நான் அப்படிக் கட்டாயப்படுத்தமாட்டேன். வள்ளத்தில் வெறுங்காலோடு நிற்பவருக்கு ஒரு நியாயம் இருக்கிறது: கடலில் விழுந்தால் நீர் நிறைந்த கம்பூட்ஸோடு நீந்துவது கடினம். கரையிலிருக்கும் அதிகாரி எழுதும் ஒரே விதி கரைக்கும் கடலுக்கும் பொருந்தாது.

சீமெந்து பற்றி ஒரு வார்த்தை. ஈரமான சீமெந்து கடுமையான காரம். தோலை அரிக்கும், காயமாக்கும், தையல் நூலையும் மாட்டுத்தோலையும் வறட்டி வெடிக்க வைக்கும். தைத்த அடியைவிட வார்த்து ஒட்டிய அடி அங்கே நீண்ட நாள் உழைக்கும். கொங்கிரீட் ஊற்றுமிடத்தில் முழங்கால்வரை வரும் கம்பூட்ஸ்தான் வேண்டும்.

மறுபக்கத்தில், தைத்த அடிக்கும் ஒரு நன்மை உண்டு: தேய்ந்தால் கழற்றிப் புது அடி போடலாம். வார்த்து ஒட்டியதை அப்படிச் செய்ய முடியாது. தேய்ந்தால் எறிய வேண்டியதுதான். ஆனால், நம்மவர்கள் எறிவதில்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு சப்பாத்தின் விலை ஏறிய ஏற்றத்தில் எவரால் எறிய முடியும்? பஸார் ஓரத்துச் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்து ரயர்த் துண்டு போட்டுக்கொள்கிறார்கள். தைப்பவரின் கை நேர்த்தியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால், ரயர் றப்பர் வீதியில் தேயாமல் ஓடுவதற்காகக் கலந்தது. லொறி ரயரில் இயற்கை றப்பர்தான் அதிகம் என்பதால் எண்ணெய்க்கு முன்னால் அது நிற்காது. ஈர இரும்பில் பிடிப்பும் போதாது. நிலைமின் வெளியேற்றும் ஏற்பாடும் ஆணித் தகடும் அந்த வேலைப்பாட்டில் என்னவாயின என்று எவராலும் சொல்ல முடியாது. வெளியே பார்த்தால் சேஃப்டி சப்பாத்து. உள்ளே அந்தப் பெயருக்குரிய எதுவும் மிஞ்சியிருக்காது.

காசு எவருடையது என்பதில்தான் எல்லாம் வந்து நிற்கிறது. நிரந்தர ஊழியருக்கு நிறுவனம் சப்பாத்துக் கொடுக்கும். அதே கப்பலில், அதே கிடங்குக்குள், கொந்தராத்துக்காரர் கூட்டிவரும் நாட்கூலிக்காரர் கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ தன் காலில் கிடப்பதோடு வருவார். வாசலில் சப்பாத்துக் கட்டாயம் என்றால், எங்கேயோ இரவல் வாங்கியோ பழைய சப்பாத்துக் கடையில் எடுத்தோ வாசலைத் தாண்டுவார். விதி காப்பாற்றப்படும்; கால் காப்பாற்றப்படாது. சர்வதேசத் தொழில் தாபனத்தின் 1981ஆம் ஆண்டு 155ஆம் இலக்கச் சமவாயத்தின் 21ஆம் உறுப்புரை, தொழிற்பாதுகாப்பு ஏற்பாடுகள் தொழிலாளிக்கு எந்தச் செலவையும் ஏற்படுத்தக் கூடாது என்கிறது. 2022 ஜூனில் அந்தச் சமவாயம் அடிப்படைச் சமவாயங்களில் ஒன்றாக உயர்த்தப்பட்டது. அதன் கோட்பாட்டை மதிக்கும் கடமை உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் உண்டு. நம்மிடம் இருப்பது 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும், விபத்துக்குப் பிறகு பேசும் 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும். நட்டஈடு விழுந்தவருக்குக் கிடைப்பது. விழாமல் இருக்கும் உரிமையை நாளாந்தக் கொந்தராத்து ஒப்பந்தத்தில் எழுதித்தான் பெற வேண்டும்.

துறைமுக அதிகார சபையும் குடாவைச் சுற்றியுள்ள நிறுவனங்களும் தமக்கு வரும் கொந்தராத்துக்காரரின் விலைமனுவில் சப்பாத்தைத் தனி விடயமாக வைக்கட்டும். வேலையின் பெயரும் தரையின் தன்மையும் அடியின் குறிகளும் அதில் இருக்கட்டும். கொந்தராத்துக்காரர் அந்தத் தொகையைக் கூலியிலிருந்து கழிக்க முடியாது என்ற வரியும் வேண்டும். மலிவான விலைமனுவுக்குப் போட்டியிடுபவர் முதலில் வெட்டுவது இந்தச் செலவைத்தான். எல்லோருக்கும் ஒரே தொகையை நிர்ணயித்துவிட்டால் வெட்ட வழியில்லை. தொழில் திணைக்களமும் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தொழிற்பாதுகாப்பு, சுகாதாரத் தேசிய நிறுவனமும் இந்தக் குறிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் படத்தோடு ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால், ஆங்கில எழுத்துகளை வாசிக்கத் தெரியாதவரும் தன் சப்பாத்தைத் திருப்பிப் பார்த்து, இது என் வேலைக்குரியதா என்று கேட்க முடியும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கிளிசரின் பூசிய உருக்குத் தளத்தில் செய்யும் வழுக்கல் சோதனைக்கு நியமத்தின் முந்திய பதிப்பு கேட்டது வெறும் 0.18 உராய்வுக் குணகம். குதி முதலில் படும்போது 0.13. அதைத் தாண்டிய அடி நற்சான்று பெற்ற அடி. உலர்ந்த கொங்கிரீட்டில் றப்பர் தரும் பிடிப்போடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. எண்ணெய் சிந்திய இரும்பில் உலகின் சிறந்த அடியும் ஓரளவுக்குத்தான் காப்பாற்றும். ஆகவே நல்ல சப்பாத்துக் கொடுத்துவிட்டோம் என்று சிந்திய எண்ணெயைத் துடைக்காமல் விடுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை; மரத்தூளும் மணலும் துடைக்கும் ஆளும் ஒவ்வொரு இறங்குதுறையிலும் இருக்க வேண்டும்.

நவம்பரில் மழை தொடங்கிவிடும். சப்பாத்துக்கு விலைமனுக் கோரி, மாதிரியை அணிந்து பார்த்து, அளவு எடுத்து, கையில் கிடைக்கச் சில மாதமாவது செல்லும். புதுச் சப்பாத்துக் காலுக்குப் பழக இன்னும் இரண்டு வாரம். இந்த வருடத்து மழையில் ஏணியில் இறங்கப் போகிறவருக்குச் சரியான அடி கிடைக்க வேண்டுமென்றால், அந்தக் கடிதம் ஆடி மாதம் முடிவதற்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும்.